சுவரைத் தாண்டி ஒலித்த மணி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

கல்லூரி மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு எங்கள் தமிழ்ப் பேராசிரியர் பணித்தார்கள். தலைவர்களையும் கவிஞர்களையும் நண்பர்கள் முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டார்கள். இயற்பியல் பயிலும் நான் ஓர் இயற்பியல் ஆசிரியரை எடுத்துக்கொண்டேன்.

சர் ஜகதீச சந்திர போஸ் என்றதும் செடிகொடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டியவர் என்பதே நம் நினைவுக்கு வரும். பள்ளிப் பாடத்தில் அப்படித்தான் படித்தோம். அதற்கு முன்பே அவர் செய்த வேறொரு வேலை உண்டு. இன்று நம் சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசிக்கு அந்த வேலை நெருங்கிய உறவு. கைப்பேசியும் கணிப்பொறி வலைப்பின்னலும் குறித்த ஆராய்ச்சி பெரிய பல்கலைக்கழகங்களின் சொத்து, பாடம் கேட்டுப் பட்டம் வாங்கிப் போகும் நமக்கு அதில் என்ன வேலை என்று நம் வகுப்பிலேயே பலர் பேசக் கேட்டிருக்கிறேன். அந்த ஆராய்ச்சியின் தொடக்க ஏடுகளில் ஒன்று, ஓர் அரசுக் கல்லூரியில், குளியலறையை ஒட்டிய சிற்றறை ஒன்றில், பாடவேளைகளுக்கு இடையே எழுதப்பட்டது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் போஸ் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் துணை மாஜிஸ்திரேட். அத்தகைய பதவியில் இருந்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே அக்கால வழக்கம். பகவான் சந்திரரோ மகனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். பிள்ளை முதலில் தன் மொழியையும் தன் மக்களையும் அறிந்துகொள்ளட்டும் என்பது அவர் கருத்து. பள்ளியில் போஸின் ஒரு பக்கத்தில் தந்தையின் முஸ்லிம் ஏவலாளரின் மகனும், மறு பக்கத்தில் ஒரு மீனவரின் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளிலிருந்தே இயற்கையின்மீது தமக்கு ஆவல் பிறந்தது என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவரைத் தோளில் சுமந்து பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர் யார் தெரியுமா? ஒரு பழைய கொள்ளைக்காரர்! பகவான் சந்திரரே தீர்ப்புச் சொல்லிச் சிறைக்கு அனுப்பி, விடுதலையாகி வந்ததும் பிழைக்க வழியின்றி நின்றவரை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டாராம்.

இந்தப் பகுதியை நான் இரண்டு முறை படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, இங்கே ஆங்கிலத்தில் வெப்ப இயக்கவியலைத் திறந்தவுடன் பட்ட பாடு என் போன்ற தோழர்களுக்குத் தெரியும். தாய்மொழிப் பள்ளியில் தொடங்கியவர் உலக அரங்கில் நின்றார் என்பது நமக்குத் தெம்பு தரும் செய்திதான். ஆனாலும் மிகைப்படுத்த விரும்பவில்லை. போஸ் மாஜிஸ்திரேட் வீட்டுப் பிள்ளை. அந்தப் பெஞ்சில் எனக்குரிய இடம் போஸின் இடமன்று. மீனவர் மகனின் இடம்.

பிறகு கல்கத்தாவில் ஹேர் பள்ளி, செயின்ட் சேவியர் பள்ளி, அதே பெயருடைய கல்லூரி. அங்கே லாஃபோன் என்னும் பாதிரியார் செய்முறைகள் காட்டி இயற்பியல் கற்பித்தார். போஸின் மனம் இயற்பியலில் ஊன்றியது அவரால்தான். ஐ.சி.எஸ். தேர்வு எழுதி அதிகாரியாகவே மகன் விரும்பினார். பிறரை ஆள்வதைக் காட்டிலும் கற்றறிந்தவனாவது மேல் என்று தந்தை மறுத்துவிட்டார். 1880இல் மருத்துவம் படிக்க லண்டன் சென்றார். தந்தை தொழில்களில் பணம் போட்டுக் கடனில் மூழ்கியிருந்த நேரம் அது; நகைகளை விற்றாவது அனுப்புகிறேன் என்று தாய் முன்வந்தார். லண்டனில் காய்ச்சல் விடாமல் வாட்டியது. பிணவறுவை அறையின் வாடை அதைக் கூட்டியது. மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியில் அறிவியல் படித்தார். ரேலி பிரபு அங்கே அவருக்கு ஆசிரியர். 1884இல் கேம்பிரிட்ஜ் பட்டமும் லண்டன் பட்டமும் பெற்று, மறு ஆண்டு தாயகம் திரும்பினார்.

1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகத் தற்காலிக நியமனம் கிடைத்தது. அதுவும் எளிதில் கிடைக்கவில்லை. வைஸ்ராய் ரிப்பன் பிரபு வரை செய்தி போக வேண்டியிருந்தது. துல்லியமான அறிவியலைக் கற்பிக்க இந்தியருக்குத் தகுதி போதாது என்ற எண்ணம் அன்றைய கல்வி அதிகாரிகளிடம் வேரூன்றியிருந்தது. வேலை கொடுத்தார்கள், சம்பளத்தில் கை வைத்தார்கள். ஒரே வேலைக்கு ஐரோப்பியர் பெறுவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. தற்காலிகம் என்ற காரணம் காட்டி அதிலும் பாதி. ஆக, மூன்றில் ஒரு பங்கு!

போஸ் என்ன செய்தார்? வேலையை விட்டு விலகவில்லை. கூச்சல் போடவும் இல்லை. சம்பளத்தை வாங்க மறுத்தார். பாடம் மட்டும் ஒழுங்காக நடத்தினார். ஒரு மாதம் இரு மாதமல்ல, மூன்று ஆண்டுகள்! இடையில் 1887இல் திருமணமும் நடந்தது. வீட்டில் கடன், கையில் காசில்லை, கல்லூரியிலோ மாணவர் கூட்டம் நிறைந்த வகுப்பு. இறுதியில் நிர்வாகம் இறங்கிவந்தது. நிரந்தர நியமனத்தோடு மூன்று ஆண்டுகளுக்கும் முழுச் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுத்தது. அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்கப் போயிற்று. கூலி குறைத்துத் தந்தால் வாங்காமல் திரும்பி நிற்பது எவ்வளவு கடினம் என்பது அன்றாடங்காய்ச்சி வீட்டில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு வாரம்கூட நின்றிருக்க முடியாது. போஸால் நிற்க முடிந்ததற்குக் குடும்பமும் துணை நின்றது என்பதை மறக்கலாகாது.

அவர் துணைவியார் அபலா அம்மையார் நம் சென்னையோடு தொடர்புடையவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு இடம் மறுக்கப்பட்ட காலத்தில், 1882இல் வங்க அரசின் உதவித்தொகையோடு சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் படித்தவர். உடல்நலம் குன்றியதால் படிப்பைப் பாதியில் விட நேர்ந்தது. பின்னாளில் பெண் கல்விக்கென ஒரு சங்கமே நிறுவி வங்கக் கிராமங்களில் பள்ளிகள் திறந்தார். அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். நம் கல்லூரி மாணவியர் யாராவது எழுத வேண்டும்.

இனி நம் பொருளுக்கு வருவோம். ஒளியும் மின்காந்த அலையே என்று மாக்ஸ்வெல் 1860களில் கணக்கில் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளை 1887-88இல் ஹெர்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். 1894 தொடக்கத்தில் ஹெர்ட்ஸ் இளம் வயதிலேயே மறைந்தார். அவர் பணியை விளக்கி ஆலிவர் லாட்ஜ் ஆற்றிய உரை நூலாக வந்து போஸின் கைக்கு எட்டியது. அவ்வாண்டு நவம்பரில், தம் 36ஆவது பிறந்த நாளில், இனி வாழ்நாளை ஆராய்ச்சிக்கே தருவது என்று போஸ் உறுதி பூண்டார்.

உறுதி பூண்டால் போதுமா? ஆய்வுக்கூடம் எங்கே? கல்லூரியில் ஆராய்ச்சிக்கென அறை இல்லை, பணமும் இல்லை. குளியலறைக்குப் பக்கத்தில் கிடந்த சிறு அறையைப் பிடித்துக்கொண்டார். கருவி செய்ய ஆளில்லை. தகர வேலை தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, அவருக்குச் சொல்லிக்கொடுத்து, தம் சொந்தப் பணத்தில் கருவிகள் செய்வித்தார்.

அங்கே அவர் செய்ததை இயற்பியல் படிக்காத நண்பர்களும் புரிந்துகொள்ளலாம். ஹெர்ட்ஸின் அலைகள் மிக நீளமானவை. நீளமான அலையை ஒளிபோல் வளைத்தும் திருப்பியும் சோதிக்க வேண்டுமானால் ஆடியும் பட்டகமும் அதற்கேற்பப் பெரிதாக இருக்க வேண்டும். ஹெர்ட்ஸ் பயன்படுத்திய நிலக்கீல் பட்டகம் பல நூறு கிலோ எடை. போஸ் வேறு வழி கண்டார். அலையைச் சிறிதாக்கிவிட்டால் கருவியும் சிறிதாகிவிடுமே! அவர் உண்டாக்கிய அலைகளில் மிகக் குறுகியதன் நீளம் சுமார் 5 மில்லிமீட்டர். நம் சுண்டுவிரல் நகத்தின் அகலத்தைவிடக் குறைவு. ஒளியின் வேகத்தை அந்த நீளத்தால் வகுத்தால் அதிர்வெண் வினாடிக்கு 6,000 கோடி என்று வரும். இன்றைய வழக்கில் 60 கிகாஹெர்ட்ஸ். மொத்தக் கருவியும் ஒரு மேசைமேல் அடங்கியது.

கருவிகளின் எளிமையை என்னென்பது! அலையின் அதிர்வை ஒரே திசைக்குக் கொண்டுவர, ரயில் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றின் ஏடுகளுக்கு நடுவே வெள்ளீயத் தாள்களைச் செருகினார். அலையின் அதிர்வுத் தளத்தைச் சுழற்ற, முறுக்கிய சணலைப் பயன்படுத்தினார். அலைகளைச் சிதறாமல் கொண்டுசெல்ல உலோகக் குழாய், அவற்றைச் சேர்த்து வாங்கப் புனல்போல் விரிந்த வாய். கொம்பு வடிவ ஏரியல் என்று இன்று பாடநூலில் நாம் படிப்பது அந்தப் புனலின் வழித்தோன்றலே.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் மக்கள் முன் சோதனை காட்டினார். ஓர் அறையில் புறப்பட்ட அலை, மூடிய சுவர்களைக் கடந்து, சுமார் 75 அடி தொலைவில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது. இடையே கம்பி இல்லை! அதே ஆண்டு மே மாதம் வங்காள ஆசியச் சங்கத்தில் முதல் ஆய்வுக் கட்டுரையைப் படித்தார். அடுத்த கட்டுரை ரேலி பிரபு வழியாக லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போயிற்று. 1896இல் லண்டன் பல்கலைக்கழகம் டி.எஸ்ஸி. பட்டம் வழங்கியது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், பாரடே நின்று பேசிய மேடையில், கல்கத்தாவில் செய்த கருவிகளோடு போஸ் நின்றார். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் என்று சொன்னவர்கள் அதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

இதற்கும் கைப்பேசிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நம் தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பேருந்தில் ஒருவர் பேசிக்கொண்டே போகிறார். தொப்பூர்க் கணவாயில் வண்டி இறங்கும்போது ஒரு கோபுரம் அவரை மறுகோபுரத்திடம் ஒப்படைக்கிறது, அவர் அறியாமலே. எங்கள் ஊர் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது. டவர் இல்லை என்று நாங்கள் சொல்வோம். உண்மையில் டவர் இருக்கும், நடுவே மலை நிற்கும். 2020இல் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது பாடம் கேட்கப் பாறைமேல் ஏறி உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். பாதிப் பாடத்தில் இணைப்பு அறுந்துபோகும். காற்றில் கையை நீட்டித் தேடுவோம்.

இணைப்பு அறுந்தும் வேலை கெடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் நடமாடும் கணிப்பொறியியல், பகிர்ந்தியங்கும் கணிப்பொறிகள் என்ற துறைகளின் பெரிய கேள்வி. சந்தையில் தக்காளி வாங்கிவிட்டு ஜிபே செய்கிறோம். நம் வங்கியின் கணிப்பொறி ஓர் ஊரில், கடைக்காரர் வங்கியின் கணிப்பொறி வேறோர் ஊரில். நடுவழியில் சிக்னல் போய்விட்டால் நம் கணக்கில் இரண்டு முறை பணம் கழியவும் கூடாது. கழிந்த பணம் அந்தரத்தில் நிற்கவும் கூடாது. தொலைவில் கிடக்கும் பல கணிப்பொறிகள், செய்தி தொலைந்தாலும் தாமதித்தாலும், ஒரே கணக்கை ஒப்புக்கொள்ள வேண்டும். 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தார் தீவுகளில் இருந்த முனையங்களை வானொலி அலையால் ஒரு கணிப்பொறியோடு இணைத்தார்கள். இருவர் செய்தி ஒரே கணத்தில் மோதிக் கெட்டால் ஆளுக்குச் சற்று நேரம் பொறுத்து மறுபடி அனுப்புவது என்பதே அவர்கள் கண்ட முறை. நம் கிராமத்துத் திண்ணையிலும் அதுதானே வழக்கம்! நம் மாநிலத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 1990களில் கிராமங்களுக்கெனக் கம்பியில்லாத் தொலைபேசி முறை ஒன்றை உருவாக்கினார்கள். 2022இல் அதே ஐ.ஐ.டி.யின் தலைமையில் 8 நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த 5ஜி சோதனைக்களம் திறக்கப்பட்டது.

அதே 2022இல் நம் நாட்டில் 5ஜி சேவைக்காக ஏலம் விட்ட அலைவரிசைகளில் 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் ஒன்று. கணக்கிட்டுப் பாருங்கள்: அலையின் நீளம் 11 மில்லிமீட்டர் சொச்சம். 5 முதல் 25 மில்லிமீட்டர் வரை போஸ் ஆராய்ந்த எல்லைக்குள்ளேயே அது அடங்குகிறது. குறுகிய அலையில் மிகுந்த செய்தியை ஏற்றலாம். ஆனால் சுவர், இலை, மழை எல்லாம் அதை மறிக்கும். ஆகவே எங்கள் மலையடிவாரத்துக்கு அந்தப் பட்டையால் விடிவு வராது என்பதையும் ஓர் இயற்பியல் மாணவனாகச் சொல்லிவிடுகிறேன். மலையைச் சுற்றி வளைந்துவர நீண்ட அலைதான் வேண்டும்.

அலை வந்ததை உணரும் உறுப்பு பற்றியும் சொல்ல வேண்டும். அக்காலத்தில் கண்ணாடிக் குழாயில் உலோகத் தூளை அடைத்து வைப்பார்கள். அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். ஒரு முறை ஒட்டினால் அடுத்த செய்தி வாங்காது. சிறு சுத்தியால் தட்டிவிட வேண்டும். தட்டாமலே தானாக மீளும் ஏற்பியைப் போஸ் தேடினார். இரும்பும் பாதரசமும் கொண்ட அத்தகைய ஏற்பியைத் தொலைபேசிக் குழலோடு இணைத்து 1899இல் ராயல் சொசைட்டியில் விவரித்தார். ஈயத்தாதுவான கலீனாப் படிகத்தையும் ஏற்பியாகப் பயன்படுத்தினார். இன்றைய மின்னணுவியலின் உயிரான குறைகடத்திக் கருவிகளில் காப்புரிமை பெற்ற முதற்கருவி அதுவே. குறைகடத்திகளின் இரு வகைகளையும் போஸ் பல பத்தாண்டு முன்பே உய்த்துணர்ந்தார் என்று நோபல் பரிசு பெற்ற நெவில் மாட் பிற்காலத்தில் பாராட்டினார்.

மார்க்கோனி 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த செய்தியைக் கேட்டதும் பாதரச ஏற்பியும் தொலைபேசிக் குழலும் கொண்டுதான். அதன் மூலம் போஸினுடையதே என்று ஓர் ஆய்வாளர் 1998இல் சான்றுகளோடு எழுதினார். அதனால் வானொலியைக் கண்டவர் போஸே, மார்க்கோனி திருடினார் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. கடல் தாண்டிச் செய்தி அனுப்புவது மார்க்கோனியின் நோக்கம். அலைகளின் இயல்பை அறிவது போஸின் நோக்கம். போஸின் பெருமைக்கு மார்க்கோனியைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை.

1901இல் லண்டனில் கம்பியில்லாத் தந்தி நிறுவன அதிபர் ஒருவர் கண்டுபிடிப்பைக் காப்புரிமை செய்து இலாபத்தில் பங்கு கொள்ளலாம் என்று வற்புறுத்தினார். போஸ் மறுத்து, அச்செய்தியை நண்பர் தாகூருக்கு எழுதினார். அறிவைப் பூட்டி வைத்துக் காசாக்குவது அவருக்கு ஒவ்வாத செயல். கலீனா ஏற்பிக்கு அமெரிக்கக் காப்புரிமை 1904இல் கிடைத்ததும் சாரா புல் அம்மையார், சகோதரி நிவேதிதா ஆகியோரின் வற்புறுத்தலால்தான். இந்த மறுப்பைத் துறவு என்று எல்லோரும் போற்றுகிறார்கள். நான் சற்று மாறுபடுகிறேன். அந்தப் பணம் வந்திருந்தால் குளியலறைப் பக்கத்து அறைகளில் அடுத்து வந்த மாணவர்களுக்கு எத்தனை கருவிகள் கிடைத்திருக்கும்! வேண்டாம் என்று சொல்வது அவர் உரிமை. ஆனால் அதுவே விஞ்ஞானிக்கு இலக்கணம் என்று நமக்குப் போதிப்பது சரியா என்று பேராசிரியர்களைக் கேட்கிறேன்.

1900க்குப் பின் போஸின் கவனம் அலைகளை விட்டு உயிர்களின்பால் சென்றது. ஏற்பிகள் களைத்துப் போவதும் ஓய்வுக்குப் பின் மீள்வதும் தசையின் செயலை ஒத்திருக்கக் கண்டு, அங்கிருந்து தாவரங்களுக்குப் போனார். வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவி அவர் படைப்பு. ஆங்கில உடலியலார் கடுமையாக எதிர்த்தனர். அவருடைய கட்டுரை ஒன்றை ராயல் சொசைட்டி வெளியிடாமல் நிறுத்தியது. அவர் முடிவுகளில் சில இன்றும் நிற்கின்றன, சில நிற்கவில்லை. 1915இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். மேகநாத சாகாவும் சத்தியேந்திர நாத போஸும் அந்தக் கல்லூரியில் அவரிடம் பயின்றவர்கள். 1917இல், தம் 59ஆம் பிறந்த நாளில், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். அவ்வாண்டே சர் பட்டம், 1920இல் எஃப்.ஆர்.எஸ்.

1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிதியில் காலமானார். 79 வயது நிறைய ஒரு வாரம் இருந்தது. மில்லிமீட்டர் அலைச் சோதனைகள் முதலில் நடந்த இடம் என்று மின்பொறியாளர்களின் உலகச் சங்கமான ஐ.இ.இ.இ. 2012 செப்டம்பரில் பிரசிடென்சிக்குச் சிறப்புச் செய்தது. தகர வேலைக்காரர் செய்துகொடுத்த அந்தக் கருவிகள் சில கல்கத்தாவில் போஸ் நிலையத்தின் கண்ணாடிப் பேழையில் இருக்கின்றன. அவற்றின் படத்தை எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் காட்டினார்கள். புனல் வாயின் ஓரத்தில் பற்றுவைத்த தழும்பு தெரிகிறது.